‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தியபின்

இணையதளங்களும் செயலிகளும் நீட்டும் சேவை விதிமுறைகளைப் பற்றி நம்மிடம் இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. ‘அதெல்லாம் சும்மா ஒரு சடங்கு’ என்பது ஒன்று. ‘ஐ அக்ரீ கொடுத்தாயிற்று, இனி வாயைத் திறக்க முடியாது’ என்பது மற்றொன்று. முதல் எண்ணம் உள்ளவர் அலட்சியத்தால் இழக்கிறார். இரண்டாவது எண்ணம் உள்ளவர் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார். இந்த இரண்டாமவருக்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

நம்பிக்கை: கையெழுத்துப் போடவில்லை, படிக்கவும் இல்லை, அதனால் செல்லாது

செல்லும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பெரும்பாலான ஒப்பந்தங்களுக்குக் கையெழுத்தைக் கேட்பதில்லை. வாய்ப்பேச்சில்கூட ஒப்பந்தம் உருவாகலாம். மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. இது 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. விதிமுறைகள் கண்ணில் படும்படி இருந்து, ஏற்பதாக நீங்களே டிக் செய்திருந்தால், படிக்காமல் விட்டது உங்கள் பொறுப்பு. பதினெட்டு வயது நிறையாதவர்கள் மட்டும் வேறு. அவர்கள் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று, அன்று நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1903லேயே தீர்ப்பளித்துவிட்டது.

நம்பிக்கை: தளத்தில் எங்காவது எழுதியிருந்தால் போதும், உள்ளே வந்தவரைக் கட்டும்

இதைப் பல நிறுவனங்களே நம்பி நீதிமன்றத்தில் தோற்றிருக்கின்றன. இணைய ஒப்பந்தங்களைப் பற்றி மிகுதியாக வழக்காடியது அமெரிக்கா. அங்கே நெட்ஸ்கேப் நிறுவனம் ஒரு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. அது தங்கள் இணைய நடமாட்டத்தை ரகசியமாக நிறுவனத்துக்குச் சொல்கிறது என்று பயனர்கள் வழக்குப் போட்டபோது, ‘எங்கள் உரிம நிபந்தனைப்படி நீங்கள் நீதிமன்றத்துக்கு வராமல் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும்’ என்றது நிறுவனம். அந்த நிபந்தனையைப் பற்றிய குறிப்பு இருந்ததோ டவுன்லோடு பொத்தானுக்குக் கீழே, திரையைத் தள்ளிப் பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில். இருப்பதே தெரியாத ஒன்றை ஒருவர் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்று 2002ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய சோனியா சோட்டோமேயர் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தக நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க நீதிபதிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விதிமுறைகளுக்கான இணைப்பு இருந்தது. பணம் கட்டும் பக்கத்தில் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இருந்தும் போதாது என்றது நீதிமன்றம். வாங்குபவர் ‘சரி’ என்று காட்டும் ஒரு செயலையும் தளம் கேட்கவில்லையே! மாறாக, 2017ல் ஊபர் வென்றது. பதிவுசெய்யும் திரை நெரிசலில்லாமல் இருந்தது. பதிவு செய்தால் விதிமுறைகளை ஏற்கிறீர்கள் என்ற வரி பொத்தானுக்கு நேர் கீழே தெளிவாகத் தெரிந்தது.

நம் நாட்டிலும் சட்டம் இதே திசையில்தான் வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, வாங்குபவரின் சம்மதத்தை அவருடைய வெளிப்படையான செயலால்தான் பதிய வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது. டிக்கெட் எடுக்கும்போது கேட்காமலே காப்பீடோ நன்கொடையோ சேர்ந்திருந்தால், அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது.

நம்பிக்கை: ஒருமுறை ஏற்றுக்கொண்டால் எல்லாமே கட்டும்

மிக அதிகமான பேரை வாய்மூட வைக்கும் நம்பிக்கை இதுதான். இதற்கான பதில் இணையம் பிறப்பதற்கு முன்பே, 1960களில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. லில்லி ஒயிட் என்ற சலவைக்கடையில் கொடுத்த புதுப் புடவை தொலைந்துபோனது. ரசீதின் பின்புறம் அச்சிட்டிருந்த நிபந்தனைப்படி, துணி தொலைந்தால் மதிப்பில் பாதிதான் கிடைக்கும். கடைக்காரர் அதைக் காட்டினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் கவனக்குறைவுக்குப் பாதி விலை மட்டும் கொடுத்துத் தப்பலாம் என்றால், அடுத்தவர் துணியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளவே அது வழி திறந்துவிடும். இப்படிப்பட்ட நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, ஆகவே செல்லாது என்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடக்கும் இந்த வழக்கை, ‘எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்’ என்று எழுதும் ஒவ்வொரு செயலிக்கும் எதிரே வைத்துப் பார்க்கலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதற்கே விளக்கம் தருகிறது. தவறுக்கு மிஞ்சிய அபராதம், தக்க காரணமின்றி ஒருதலைப்பட்சமாக முடித்துக்கொள்ளும் உரிமை ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. ‘வழக்குகள் பெங்களூரு நீதிமன்றங்களில் மட்டுமே’ என்ற வரியைக் கண்டு ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க அதே சட்டம் உரிமை தருகிறது. நடுவர் மன்ற நிபந்தனை நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2018ல் எம்மார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உறுதிசெய்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருள் வரவில்லை, பணம் திரும்பவில்லை என்பன போன்ற சிறு தொகைப் புகார்களை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட்டால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

நம்பிக்கை: ‘என் படங்களைப் பயன்படுத்த ஃபேஸ்புக்கிற்கு அனுமதி இல்லை’ என்று சுவரில் பதிந்தால் போதும்

ஆண்டுதோறும் ஏதோ ஒரு வடிவில் இந்தச் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இருவர் செய்த ஒப்பந்தத்தை ஒருவர் மட்டும் அறிவிப்புப் போட்டு மாற்ற முடியாது. உங்கள் படத்தின் பதிப்புரிமை எப்போதும் உங்களுடையதுதான். அதைக் காட்டவும் பகிரவும் ஓர் உரிமத்தைத்தான் கணக்குத் தொடங்கும்போது கொடுத்திருக்கிறீர்கள். அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் படத்தை நீக்க வேண்டும், அல்லது கணக்கை மூட வேண்டும்.

இதே நியாயம் நிறுவனத்தையும் கட்டும். தொலைபேசி நிறுவனம் ஒன்று விதிமுறைகளை மாற்றித் தன் தளத்தில் மட்டும் போட்டுவைத்த வழக்கில், வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காத மாற்றம் அவரைக் கட்டாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007ல் சொன்னது.

விதிமுறைகள் ஆங்கிலத்தில் நீண்டுகிடப்பதுதான் நம் மக்களுக்குப் பெரிய தடை. 2023ல் நிறைவேறி, படிப்படியாக நடைமுறைக்கு வரும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கான சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெறும் வாய்ப்பை நமக்குத் தர வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன் ரத்து, பணம் திரும்பப் பெறுதல், தானாகப் புதுப்பித்தல் ஆகிய மூன்று பகுதிகளையாவது படியுங்கள். அன்றைய தேதியில் இருந்த விதிமுறைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளை அவை மாறியிருந்தால் அதுவே உங்கள் சான்று. நிறுவனம் கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.