மண்டபத்துக்குப் போகும் முன்னே ஒரு ஃபோன்

பள்ளித் தோழர்கள் சந்திப்புக்குத் தேதி குறித்தாயிற்றா? மண்டபம், பேனர், டி-ஷர்ட் நிறம் எல்லாவற்றையும் பொறுப்பாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. அந்த நாளுக்குள் பத்துப் பதினைந்து பேரிடமாவது தனித்தனியாகப் பேசிவிடுங்கள். இருபத்தைந்து வருடம் கழித்து நூறு பேர் கூடும் இடத்தில் ஒருவரோடு மூன்று நிமிடம் பேசக் கிடைத்தால் அதிகம். பேரும் ஊரும் கேட்டு செல்ஃபி எடுப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். முன்னமே பேசி வைத்திருந்தால்தான் அந்த மூன்று நிமிடம் உருப்படியாகும்.

நட்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, பிழைப்புக்காகவும்தான். வேலை மாறியவர்களுக்குத் தகவல் யார் மூலம் வந்தது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் விசாரித்து, 1973இல் ஆய்வாக வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 சதவீதம், அரிதாகவே பார்த்தவர்கள் 27.8 சதவீதம். தினமும் நம்மோடு இருப்பவருக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்துவிடும். எங்கோ இருப்பவரிடம்தான் புதுச் சேதி இருக்கும்.

கொங்குப் பக்கத்தில் இது இன்னும் பொருந்தும். நம் தொழில் தொடர்பெல்லாம் பங்காளி, மாமன் மச்சான், சம்பந்தி வீடு என்றே சுற்றி வருகிறது. அந்த வட்டத்தைத் தாண்டி எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது ஊர்ப் பள்ளிக்கூடம். அந்த பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் இன்று கணபதியில் ஃபவுண்டரி வைத்திருப்பார். ஒருவர் திருப்பூரில் பனியன் துணிக்குக் காம்பாக்டிங் யூனிட் போட்டிருப்பார், ஒருவர் சரவணம்பட்டியில் ஐடி கம்பெனியில் இருப்பார், இன்னொருவர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பார். வார்ப்புக்குப் பேட்டர்ன் செய்ய நல்ல ஆள் கிடைக்காமல் ஃபவுண்டரிக்காரர் அலைந்துகொண்டிருக்கும்போது, அதே வகுப்பில் படித்த பேட்டர்ன்காரர் வேலை தேடிக்கொண்டிருக்கலாம். இருவரிடமும் பேசிய ஒருவர் நடுவில் இருந்தால் போதும், இரண்டு பேருக்கும் வழி பிறக்கும்.

முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு செட்டில் நாலு செந்தில்குமார் இருப்பார்கள், ஃபேஸ்புக்கில் தேடினால் நாலாயிரம் பேர் வருவார்கள். பள்ளியில் நாம் அவர்களைப் பிரித்துக் கூப்பிட்டது ஊர்ப் பேரை வைத்துத்தான்: சூலூர் செந்தில், காங்கேயம் செந்தில். ஃபோனிலும் அப்படியே பதிந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு குரூப் ஃபோட்டோவைப் பெரிதாக்கி, வரிசை வரிசையாகப் பேர் எழுதிப் பாருங்கள். பேர் தெரியாத முகம் எது என்று அப்போதுதான் புலப்படும்.

பெண்களைத் தேடுவதில்தான் பெரும்பாலான குழுக்கள் பாதியில் விட்டுவிடுகின்றன. கல்யாணத்துக்குப் பிறகு ஊர் மாறுகிறது, இனிஷியல் மாறுகிறது, நம்பரும் மாறுகிறது. ஆனால் மாரியம்மன் நோம்பிக்குப் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். அம்மா வீடோ அண்ணன் கடையோ தெரிந்தால் அங்கே தகவல் சொல்லிவிடலாம். ஆண்கள் கூப்பிடுவதைவிட வகுப்பில் கூடப் படித்த ஒரு பெண்ணே கூப்பிடுவது நல்லது, வீட்டில் யாருக்கும் சங்கடம் இருக்காது. பத்தாவதோடு நின்று மில்லுக்குப் போன பெண்களையும் லேத் பட்டறைக்குப் போன பையன்களையும் விட்டுவிட்டுக் கூடுவதை வகுப்புச் சந்திப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியலில் அவர்கள் பேரை முதலில் எழுதுங்கள்.

கூப்பிடும் நேரமும் முக்கியம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று சாயங்காலம் அங்கே கான்ட்ராக்டராக இருக்கும் நண்பரைப் பிடித்தால் பேச்சு ஓடாது, ஞாயிறு முற்பகல் கூப்பிடுங்கள். மில்லில் இருப்பவரிடம் எந்த ஷிஃப்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பேச்சு இப்படித்தான் தொடங்கும்:

"ஏனுங்க, சூலூர் செந்திலுங்களா?"

"ஆமாங்க, நீங்க யாருங்க?"

"டென்த் 'பி'யில உங்க பக்கத்துல உக்காந்திருந்தனுங்க."

"டேய், நீயாடா! எங்கடா போயிட்ட இத்தன வருசமா?"

அதற்கப்புறம் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளம் எவ்வளவு, குழந்தை உண்டா, சொந்த வீடா என்ற மூன்று கேள்விகளை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே வராமல் போகிறவர்கள் உண்டு. "எங்க இருக்கே, என்ன வேலை, ஒரு நாள் எப்படிப் போகுது?" என்று கேளுங்கள். அவர் தொழிலைப் பற்றி அவரே விரித்துச் சொல்வார்.

முதல் பேச்சில் எதையும் விற்காதீர்கள். பாலிசி, சீட்டு, சங்கிலித் திட்டம் எதுவும் வேண்டாம். திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடியையும் பெருந்துறை சுசி ஈமு கோழி மோசடியையும் பார்த்த மண் இது. பாசி வழக்கில் 2022இல் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒருவர் இழந்தால், அந்த நட்பு அதோடு போயிற்று.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்குப் போதும், அதற்குமேல் அதை நம்ப வேண்டாம். சாதியும் அரசியலும் அதில் வரக்கூடாது என்று அட்மின் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பணம் வசூலிக்கும்போது யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். முடியாதவர் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார். பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால், தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகக் கொடுங்கள், கணக்கு சுத்தமாக இருக்கும்.

வேலைக்கு உதவி கேட்பதை மண்டபத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள், தெளிவாகக் கேளுங்கள். "உங்க கம்பெனியில ஏதாச்சும் இருக்கா?" என்றால் யாராலும் உதவ முடியாது. "சிஎன்சி செட்டராக எட்டு வருசம் பார்த்திருக்கேன், அரசூர், நீலாம்பூர் பக்கம் ஆள் எடுத்தா சொல்லு" என்றால், கேட்டவருக்கு உடனே ரெண்டு பேர் ஞாபகம் வரும். ஐடி நண்பரிடம் ரெஃபரல் கேட்பதென்றால் வேலை அறிவிப்பின் எண்ணையும் பயோடேட்டாவையும் சேர்த்தே அனுப்புங்கள், அவருக்கு இரண்டு நிமிட வேலைதான். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவைச் சொல்லிவிடுங்கள். உங்களிடம் யாராவது கேட்டால், முடியாததை முடியாது என்று அன்றைக்கே சொல்லுங்கள், இழுத்தடிக்காதீர்கள். சந்திப்புக்கு அழைத்தும் வராதவர்களை அதே வாரம் கூப்பிட்டு, அங்கே எடுத்த குரூப் ஃபோட்டோவை அனுப்பி, அடுத்த முறை எந்த மாதம் வசதிப்படும் என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.