அசைகிறவரை வரைய ஆறு கட்டங்கள்

பேருந்துக்காகக் காத்திருக்கும்போது, எதிரே டீ ஆற்றிக்கொண்டிருப்பவரை வரைய முயன்றதுண்டா? தலையை முடித்துத் தோளுக்கு வருவதற்குள் அவர் திரும்பிவிடுவார். அழித்து வரைவீர்கள், மறுபடியும் அசைவார். பேருந்து வரும்போது தாளில் மிஞ்சியிருப்பது ரப்பர் தேய்த்த கறை மட்டுமே.

குறை உங்கள் கையில் இல்லை. பல கணங்களில் கண்டதை ஒரே படத்தில் திணிக்கப் பார்க்கிறோம்; அதுதான் சிக்கல். இதற்கு வழி படக்கதைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கட்டம் ஒரு கணம். அடுத்த கட்டம் அடுத்த கணம்.

தாளில் ஆறு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. கடை முழுவதையும் காட்ட ஓர் அகலமான கட்டம். மேலிருந்து கீழே விழும் டீயைக் காட்ட ஒடுங்கி உயர்ந்த கட்டம். கிளாஸைப் பிடித்த விரல்களுக்கு ஒரு சின்னக் கட்டம்.

இனி வரையத் தொடங்குங்கள். முதலில் தலையின் சாய்வு, முதுகின் வளைவு, உடலின் பாரம் எந்தக் காலில் என்பதற்கு மூன்றே கோடுகள். அவர் அசைந்துவிட்டாரா? அழிக்காதீர்கள், அடுத்த கட்டத்துக்குப் போங்கள். கை உயர்கிறது, ஊற்றுகிறது, தாழ்கிறது, கிளாஸை நீட்டுகிறது. சற்று நேரத்தில் அதே கை மீண்டும் உயரும். அப்போது, பாதியில் விட்ட முதல் கட்டத்துக்குத் திரும்பி மீதியை வரையலாம். வேலை செய்பவரின் அசைவுகள் பெரும்பாலும் இப்படிச் சுற்றிச் சுற்றி வருபவையே.

இந்த முறையால் உண்மையும் பிழைக்கிறது. எப்படி என்கிறீர்களா? கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த அளவு இடத்தை மட்டுமே நம் கண் ஒரு நேரத்தில் மிகக் கூர்மையாகக் காண்கிறது. மேலும், தாளைப் பார்க்கும்போது ஆளைப் பார்ப்பதில்லை, நினைவிலிருந்தே வரைகிறோம். நினைவோ, பார்க்காததையும் பார்த்ததுபோல் நிரப்பிவிடும்.

இதில் தேர்ந்த ஓவியர்களே ஏமாந்திருக்கிறார்கள். பாய்ந்தோடும் குதிரையை, முன்கால்களை முன்னேயும் பின்கால்களைப் பின்னேயும் நீட்டி அந்தரத்தில் பறப்பதாக நெடுங்காலம் வரைந்தார்கள். 1878இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், ஓட்டப்பாதையின் ஓரமாக 12 காமிராக்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்தார். படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால் அப்போது அவை நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருந்தன! ஒற்றைப் படத்தில் ஒளிந்திருந்த பிழையைக் கட்டங்களின் வரிசை காட்டிக்கொடுத்தது.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். டீ ஆற்றும்போது மேல் கை மட்டும் அசைகிறதா, கீழ்க் கையும் அசைகிறதா? கண் எந்தப் பாத்திரத்தின் மேல் இருக்கிறது? கடைக்குப் போகுமுன் உங்கள் விடையை எழுதி வையுங்கள். பிறகு கட்டங்களோடு ஒப்பிடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். நீங்கள் வரைவது ஒரு மனிதரை. அவர் கூச்சப்பட்டால் நோட்டை மூடிவிடுங்கள். கேட்டால் தயங்காமல் காட்டுங்கள். முகம் ஒத்துப்போக வேண்டியதில்லை. அசைவு ஒத்துப்போனால் போதும். ‘நான் இப்படியா நிற்கிறேன்?’ என்று அவரே வியந்தால், உங்கள் கண் வென்றுவிட்டது.