கரண்ட் வந்த முதல் நொடியில் ரிலே யார் பேச்சைக் கேட்கும்?

இறுதியாண்டு புராஜெக்ட்டுகளைப் பார்வையிடப் போகும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கரண்ட் போய்த் திரும்பி வந்தால் உங்கள் ரிலே என்ன செய்யும்?" பெரும்பாலான மாணவர்கள் உடனே லேப்டாப்பைத் திருப்பி நிரலைக் காட்டுவார்கள். "முதல் வரியிலேயே ஆஃப் பண்ணியிருக்கோம் சார்." அந்த முதல் வரி ஓடுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று கேட்டால் மேசையைச் சுற்றி அமைதி.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. எந்தக் கருவி, எந்த மொழி என்பதைப் பல வீடுகளில் அவர்கள் முடிவு செய்வதே இல்லை. போன வருட சீனியர் ராஸ்பெர்ரி பையில் செய்தார், அதனால் இவர்களும் பை. ரெஸ்யூமில் பைத்தான் இருந்தால்தான் வேலை என்று மாமா ஒருவர் பெங்களூரிலிருந்து போனில் சொன்னார், அதனால் அப்பா பணம் கட்டிப் பைத்தான் கோர்ஸில் சேர்த்துவிட்டார். செய்யப்போகிற வேலைக்கு எது பொருந்தும் என்ற கேள்வி இந்த வரிசையில் எங்குமே வருவதில்லை.

டாக், அதாவது டேட்டா அக்விசிஷன் கருவி என்றாலே அளக்கிற சாதனம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஓட்டவும் செய்கிறது. அதன் டிஜிட்டல் அவுட்புட் லைன்களின் மறுமுனையில் ரிலே, சோலினாய்டு வால்வு, ஹீட்டர், மோட்டார் இருக்கும். மின்சாரம் வந்த கணத்துக்கும் நம் நிரல் அதிகாரத்துக்கு வரும் கணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கம்ப்யூட்டர் பூட் ஆக வேண்டும், டிரைவர் ஏற வேண்டும், யூஎஸ்பியில் கருவி அடையாளம் காணப்பட வேண்டும். அவ்வளவு நேரமும் அந்த லைன் ஏதோ ஒரு நிலையில் இருந்தே ஆக வேண்டும்: ஹை, லோ, அல்லது யாரும் ஓட்டாத டிரைஸ்டேட். இதைத்தான் பவர்-அப் நிலை என்கிறோம்.

மைக்ரோபிராசசர் லேபில் 8255 சிப்பைப் படிக்காதவர் நம் கல்லூரிகளில் குறைவு. ரீசெட் ஆனதும் அதன் மூன்று போர்ட்டுகளும் இன்புட் ஆகிவிடும் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்போம். கன்ட்ரோல் வேர்டு எழுதி ஒரு போர்ட்டை அவுட்புட்டாக மாற்றியதும் அதன் லாட்ச்சுகள் பூஜ்யமாகும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் நீல நிற ரிலே போர்டுகளில் பெரும்பாலானவை லோ கொடுத்தால் இழுப்பவை. அப்படி ஒன்றை 8255-இல் மாட்டினால், கன்ட்ரோல் வேர்டு எழுதிய அந்தக் கணத்தில் எல்லா ரிலேயும் 'டக்' என்று இழுக்கும். பாடம் தெரியும், அதன் விளைவு தெரியாது. நான் வருத்தப்படுவது இதற்காகத்தான்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எம் சீரீஸ், எக்ஸ் சீரீஸ் கார்டுகள் உங்கள் லேபில் இருந்தால் வேலை எளிது. அந்த டிஜிட்டல் லைன்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது வலுக்குறைந்த புல்-டவுன் ரெசிஸ்டரோடு இன்புட்டாக விழிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். லைன் வாரியாக அதை 0 அல்லது 1 என்று மாற்றிக் கருவியின் சொந்த நினைவகத்திலேயே பதித்துவிடலாம். மேக்ஸ் என்ற அவர்களுடைய மென்பொருள் திரையில் மவுஸைக் கொண்டே இதைச் செய்ய முடியும். ஒரே ஒரு கார்டு, ஒரே ஒரு செட்டப் என்றால் அதுவே போதும்.

கார்டுகள் பல என்றாலோ, ஒரு கார்டு பழுதானால் வேறொருவர் புதியதை மாட்ட வேண்டியிருக்கும் என்றாலோ நிரல் வழிதான் சரி. அந்த நிறுவனத்தின் டாக்எம்எக்ஸ் டிரைவரில் 'செட் டிஜிட்டல் பவர்-அப் ஸ்டேட்ஸ்' என்ற செயற்கூறு சியிலும் உண்டு, பைத்தானிலும் உண்டு. கருவியின் பெயரையும், எந்த லைன் எந்த நிலையில் விழிக்க வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்தால் எழுதிவிடும். 'கெட்' வடிவத்தை அழைத்தால், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டும். யார் எப்போது மாற்றினார் என்ற கேள்வி எழும்போது மவுஸ் கிளிக்குக்குச் சாட்சி கிடையாது, கோப்புக்கு உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த அழைப்பை முக்கிய நிரலுக்குள் போடாதீர்கள். நிரந்தர நினைவகம் எத்தனை முறை எழுதினாலும் தாங்கும் என்பதில்லை. ஆர்டுயினோ ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பில் உள்ள ஈஈப்ராமுக்கு ஒரு லட்சம் முறை என்று டேட்டாஷீட்டிலேயே வரம்பு போட்டிருக்கிறார்கள். சுழலும் லூப்புக்குள் தெரியாமல் சிக்கிக்கொண்டால் ஒரு லட்சம் சீக்கிரமே தீர்ந்துவிடும். தனியாக ஒரு சிறு நிரல், ஒரு முறை ஓட்டம், திரும்பப் படித்துச் சரிபார்ப்பு, பிறகு ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்ப்பது. அவ்வளவுதான் அதன் வாழ்நாள். இன்னொன்று: எம் சீரீஸ் கார்டைக் கொண்டு எஸ்சிஎக்ஸ்ஐ என்ற சிக்னல் கண்டிஷனிங் சேசிஸை இயக்குகிறவர்கள் 0, 1, 2, 4 ஆகிய டிஜிட்டல் லைன்களைத் தொடவே கூடாது. சேசிஸோடு பேசும் தொடர்பு அவற்றில்தான் ஓடுகிறது. மாற்றினால் அந்த சிக்னல்கள் பழுதாகலாம் என்று கையேடு சொல்கிறது.

எல்லாக் கருவியிலும் இந்த வசதி இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. பல கல்லூரிகளில் புழங்கும், அதே நிறுவனத்தின் யூஎஸ்பி-6008, 6009 பெட்டிகளில் ஒவ்வொரு டிஜிட்டல் லைனும் 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. விழிக்கும்போதே லைன் மேலே நிற்கும். அதில் டிரான்சிஸ்டர் வைத்த, ஹை கொடுத்தால் இழுக்கும் ரிலே ஒன்றை மாட்டினால், பேஸுக்கு ஏறக்குறைய 0.9 மில்லிஆம்பியர் போகும். சாதாரணச் சிறு ரிலேயை இழுக்க அதுவே போதும். இந்தப் பெட்டிக்கு லோவில் இழுக்கும் போர்டுதான் பொருந்தும். கடையில் போர்டு கேட்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆர்டுயினோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரீசெட்டில் பின்கள் எல்லாம் இன்புட். பூட்லோடருக்கு ஒரு நொடி போல ஆகும், பிறகு உங்கள் செட்டப். லோவில் இழுக்கும் ரிலேயாக இருந்தால் முதலில் 'டிஜிட்டல்ரைட் ஹை', அதன் பிறகே 'பின்மோட் அவுட்புட்'. வரிசையை மாற்றி எழுதினால், கரண்ட் வரும்போதெல்லாம் லைன் ஒரு கணம் லோவுக்குப் போய்வரும். பூட்லோடர் 13-ஆம் பின்னைத் தானே மினுக்கும், ஆகவே அதில் எந்த லோடையும் மாட்டாதீர்கள்.

இப்போது, எல்லாரும் ஓடிப்போய் நிற்கும் வழிக்கு வருகிறேன். ராஸ்பெர்ரி பை, அதில் பைத்தான், பூட் ஆனதும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட். யூடியூபில் பார்க்க அழகாக இருக்கும். வீட்டில் காட்டினால் பெற்றோருக்கும் பெருமை. மொபைலில் கிராஃப் ஓடும். ஆனால் ஒரு ஹீட்டரையோ வால்வையோ காக்கிற பொறுப்பை இந்த ஏற்பாட்டிடம் ஒப்படைப்பதை நான் முழு மனத்தோடு எதிர்க்கிறேன்.

முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்றை ஒரு குழு செய்திருந்தது. 37.5 டிகிரியில் நிறுத்த வேண்டும். சென்சார் சரி, கட்டுப்பாட்டுக் கணக்கு சரி, மொபைல் ஆப்பும் சரி. ஹீட்டருக்கான மாஸ்ஃபெட்டின் கேட்டை ஜிபிஐஓ 5-இல் நேரடியாகக் கொடுத்திருந்தார்கள். நான் மெமரி கார்டைக் கழற்றிவிட்டு பையை ஆன் செய்யச் சொன்னேன். திரையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஹீட்டர் சூடேறத் தொடங்கியது. அணைக்க யாரும் இல்லை, ஏனென்றால் அணைக்கிற வரி கழற்றி வைத்த கார்டுக்குள் இருக்கிறது.

காரணம் எளியது. பையின் சிப்பில் ஜிபிஐஓ 0 முதல் 8 வரை பவர்-அப்பில் உள் புல்-அப்போடு விழிக்கும். 9 முதல் 27 வரை புல்-டவுனோடு விழிக்கும். புல்-அப் ஏறத்தாழ 50 கிலோஓம்தான். ரிலே காயிலை ஓட்ட அது போதாது. ஆனால் மாஸ்ஃபெட்டின் கேட் கரண்ட் கேட்பதே இல்லை. 50 கிலோஓம் வழியாகவே 3.3 வோல்ட்டுக்கு நிதானமாக ஏறிவிடும். 1 முதல் 2 வோல்ட்டுக்குள் திறக்கத் தொடங்கும் லாஜிக்-லெவல் மாஸ்ஃபெட்டுக்கு அது தாராளம். மாணவர்கள் எழுதிய நிரலில் குறையே இல்லை. பிழை, நிரலுக்கு முந்திய அரை நிமிடத்தில் இருந்தது.

தீர்வுக்கு ஒரு வரி பைத்தான்கூடத் தேவைப்படவில்லை. ஒயரை ஜிபிஐஓ 17-க்கு மாற்றினோம், கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்தோம். பழைய பின்னிலேயே விட்டிருந்தாலும் அந்த ரெசிஸ்டர் கேட்டை 0.55 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கும், மாஸ்ஃபெட் திறந்திருக்காது. மெமரி கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பை உயிரோடு இருந்தாலும் செத்தாலும், அந்த ரெசிஸ்டர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

"கான்ஃபிக் கோப்பில் 'ஜிபிஐஓ' வரி போட்டால் பூட் தொடக்கத்திலேயே பின்னை லோ ஆக்கலாமே சார்" என்று விவரம் தெரிந்த மாணவர்கள் சொல்வார்கள். ஆக்கலாம். ஆனால் அந்தக் கோப்பும் மெமரி கார்டில்தான் இருக்கிறது, அதைப் படிக்கவும் சில நொடிகள் ஆகும். இடைவெளி குறையுமே தவிர மறையாது. வாட்ச்டாக் வைக்கலாம் என்பார்கள். பையின் வாட்ச்டாக் அதை ரீபூட் செய்யும். மறுபடியும் அதே இடைவெளிக்குள்தான் போய் விழுவோம். தொழிற்சாலைக்கென்று செய்த டிஜிட்டல் கார்டுகளில் வாட்ச்டாக் வேலை செய்யும் விதமே வேறு. கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்தினால், முன்பே குறித்து வைத்த பாதுகாப்பான நிலைக்குக் கார்டே லைன்களைத் தள்ளிவிடும்.

நம் ஊரில் மின்வெட்டு புதிதல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெடுவதும் புதிதல்ல. இரவு இரண்டு மணிக்கு லேபில் ஆளில்லாதபோது கரண்ட் வந்து, கார்டு கெட்டு, பை எழாமல் போனால், அதுவரை எழுதிய பைத்தான் முழுவதும் அந்த ஹீட்டரை அணைக்க உதவாது. பையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவீடுகளைப் பதியட்டும், கிராஃப் வரையட்டும், மொபைலுக்கு அனுப்பட்டும். பாதுகாப்பை அதற்கும் கீழே வையுங்கள்: முதலில் ரெசிஸ்டர், அடுத்து கருவியின் நிரந்தர நினைவகம், நிரல் கடைசியில்.

நான் பேனல் ஒயரிங்கிலிருந்து வந்தவன். கண்ணால் பார்க்க முடிகிற, மீட்டர் வைத்துத் தொட முடிகிற ஒன்றின் மீது எனக்குக் கூடுதல் நம்பிக்கை. நிரந்தர நினைவகத்தில் எழுதிய கார்டுகூட அதைப் படித்து முடிக்கச் சற்று நேரம் எடுக்கும். அந்தச் சில கணங்களுக்கும் வெளியே ஒரு ரெசிஸ்டர் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். அனலாக் அவுட்புட்டில் அதுவும் உதவாது. டேட்டாஷீட்டில் 'பவர்-ஆன் கிளிட்ச்' என்று ஒரு வரி இருக்கும், எத்தனை வோல்ட் எவ்வளவு நேரம் துள்ளும் என்று. மோட்டார் டிரைவை மாட்டுவதற்கு முன் அந்த வரியைத் தேடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு நிரலில் ருசி இருந்தால் அது நல்ல திறமை. அதற்கேற்ற வேலைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் கருவியோடு பேசுகிற வேலைக்கு வேறு குணமும் வேண்டும். இருநூறு பக்கக் கையேட்டில் தனக்கு வேண்டிய மூன்று வரியைத் தேடும் பொறுமை வேண்டும். வேலை செய்கிற ஒன்றை, கெடும்போது என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகவே அணைத்து அணைத்துப் பார்க்கிற பொறுமை வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் மல்டிமீட்டரும் பிரெட்போர்டும் கையில் கொடுத்துப் பாருங்கள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராத பிள்ளை என்றால் இந்தத் துறையில் விடுங்கள். அரை மணியில் சலித்துப்போனால், அந்தப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி இன்ஸ்ட்ருமென்டேஷனில் சேர்ப்பது அவருக்கும் நல்லதல்ல, அவர் கையில் வரப்போகிற இயந்திரத்துக்கும் நல்லதல்ல. எந்தப் பாதையானாலும் கை பழக ஓரிரு வருடம் ஆகும். ஆறு மாதத்தில் கோர்ஸை மாற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

மாணவர்கள் ரிப்போர்ட்டில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்கலாம். ஒவ்வொரு அவுட்புட் லைனுக்கும் ஒரு வரிசை. அதில் கரண்ட் இல்லாதபோது, கரண்ட் வந்ததும், நிரல் தொடங்கும் வரை, நிரல் ஓடும்போது, நிரல் நடுவில் செத்தபின் என்று ஐந்து கட்டங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். ஹீட்டருக்குப் பதில் ஓர் எல்ஈடியை மாட்டி, பிளக்கைப் பிடுங்கிச் செருகி, கண்ணால் பார்த்து நிரப்புங்கள். ஒரு நொடி மட்டும் பிடுங்கிச் செருகுவது வேறு, பத்து நிமிடம் கழித்துச் செருகுவது வேறு. கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜ் முழுதாக வடியாத நிலையில் சில போர்டுகள் ரீசெட் ஆகாமல் பாதியில் நிற்கும். இரண்டையும் செய்து பாருங்கள். லேபில் ஆசிலோஸ்கோப் இருந்தால் லைனில் அதன் புரோபை வைத்துச் சிங்கிள் ட்ரிக்கரில் ஒரு படம் எடுத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.