பவளப் பூச்சிக்கு நாய் மாத்திரை

கேள்வி: அமெரிக்காவில், வீட்டுக் கடல்நீர்த் தொட்டியிலுள்ள அக்ரோபோரா பவளங்களைச் சிவப்புப் பூச்சி பற்றியுள்ளது. நாய்க்குத் தரும் இன்டர்செப்டர் மாத்திரை இதைக் கொல்லுமாம். நாய் வளர்க்காதவருக்கு அது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும்; கால்நடை மருத்துவரின் சீட்டுதான் வேண்டும். நாய்களின் இதயப்புழு நோயைத் தடுக்கும் இம்மாத்திரையிலுள்ள மில்பெமைசின் ஆக்சைம், மஞ்சள் உடலில் சிவப்புப் புள்ளியுடன் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும் அப்பூச்சியின் நரம்பை முடக்கிக் கொல்கிறது. பவளத்துக்கும் மீனுக்கும் பொதுவாகத் தீங்கில்லை. ஒரு விலங்குக்கு ஒப்புதல் பெற்ற மருந்தை வேறொன்றுக்குப் பரிந்துரைக்க 1994ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இடமளிப்பதால், மீன் மருத்துவம் பார்ப்பவரை அணுகி, பூச்சியின் உருப்பெருக்கிய படத்தையும் தொட்டியின் நீரளவையும் காட்டிக் கேட்பதே நேர்வழி. இறால், நண்டு போன்றவற்றின் ஓடு உருவாவதைத் தடுக்கும் லூஃபெனுரான் கலந்த கூட்டு மாத்திரை மட்டும் வேண்டாம்.

மருத்துவர் குறித்த அளவைப் பொடித்துக் கரைத்து ஊற்றி, சுமார் 6 மணி நேரத்துக்குப் பின் நீரில் ஒரு பகுதியை மாற்றி, எஞ்சிய மருந்தை உறிஞ்சும் கிளர்வுற்ற கரியை இட்டு, புதிதாகப் பொரிப்பவையும் ஒழியும்படி வாரம் ஒருமுறையாக மூன்று முறை செய்வதே பவளம் வளர்ப்போர் கைக்கொள்ளும் முறையாகும். இறாலும் நண்டும் இப்பூச்சியைப் போலவே ஓட்டுடலிகள்; மருந்து அவற்றையும் கொல்லக்கூடும் என்பதால், அவற்றை முன்னரே வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் பவளமும் பிழைக்கும், அவையும் பிழைக்கும்.