பகலில் உறங்குகிறவர் இருக்கும் வீடு



இரவெல்லாம் உழைத்துப் பகலில் உறங்குகிறவர்கள் நம் பகுதியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் பின்னிரவில் கடலுக்குப் போய்க் காலையில் கரை சேருகிறவர்கள் உண்டு. கடலூர் சிப்காட் ஆலைகளிலும் நெய்வேலியிலும் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் உண்டு. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் மருத்துவமனையில் விடிய விடிய நோயாளிகளின் அருகில் நின்ற நர்ஸ்மார் உண்டு. இவர்கள் பாயில் தலை சாய்க்கிற நேரத்தில்தான் மிக்ஸி ஓடத் தொடங்குகிறது, குக்கர் கூவுகிறது, காய்கறி வண்டி ஒலிபெருக்கியோடு வாசலில் வந்து நிற்கிறது. அன்றிரவு மறுபடியும் கடலிலோ கொதிகலன் அருகிலோ அவர்கள் கண் விழித்து நிற்க வேண்டும் என்பது நமக்கு மறந்துபோகிறது.

சட்டம் இவர்களுக்கு அதிகம் உதவாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டின. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையில்தான். எட்டு மணிக்குப் படுக்கிறவருக்கு அந்த 45 கிடையாது. உறங்கும் அறைக்குள் தொடர்ந்து கேட்கும் சப்தம் 30 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் கூறியது. தெருவுக்கும் பாய்க்கும் நடுவிலுள்ள இந்த வித்தியாசத்தை வீடுதான் தாங்கியாக வேண்டும். 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சப்தம் ஏறக்குறையப் பாதியாகத் தோன்றும். ஆகவே முயற்சி வீண்போகாது.

சப்தம் பெரும்பாலும் சுவர் வழியாக வருவதில்லை. சந்து வழியாக வருகிறது. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபலைத் தடுத்துவிடும். ஆனால் அதில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்தால், 20 டெசிபலுக்கு மேல் தடுக்க அதனால் இயலாது. கதவின் அடி இடுக்கையும், கதவுக்கு மேலுள்ள வெண்டிலேட்டரையும் பாருங்கள். பழைய சேலையைச் சுருட்டித் தைத்து அடி இடுக்கில் வைக்கலாம். சைக்கிள் டியூபைக் கீறி நிலையின் ஓரத்தில் அடித்தால் இடுக்கும் அடைபடும், கதவு அறைகிற சப்தமும் நிற்கும். நம் ஊர் வெக்கையில் எல்லா ஜன்னலையும் சாத்த முடியாதுதான். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கொல்லைப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறியின் ஒரே சீரான ஓசையும் திடீர்ச் சப்தங்களை ஓரளவு மறைக்கும்.

சிலர் சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். அதனால் தெருச் சப்தம் நிற்காது. திரைச்சீலையும் அப்படியே. அறைக்குள் எழும் எதிரொலியை அது குடிக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. சுனாமிக்குப் பின் கரையோரம் கட்டிய கான்கிரீட் வீடுகளைப் போன்ற, வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறைகளில் பாய், மெத்தை, துணி இருப்பது அந்த அளவுக்கு நல்லது. தகர ஷீட் கூரையானால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். ஐப்பசி மழை முழங்காது. தீபாவளி ராக்கெட்டுக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

சிதம்பரத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் எல்லாம் தாண்டிப் பின்கட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வீதியின் இரைச்சல் இளைத்துப்போகும். உங்களிடம் இரண்டே அறை இருந்தாலும் பின்னறையை உறங்குகிறவருக்குக் கொடுங்கள். தொலைக்காட்சி முன்னறையில் இருக்கட்டும்.

வீட்டுக்குள் முதல் எதிரி மிக்ஸி. அருகில் நின்றால் அது 80 டெசிபலைத் தாண்டும். அன்றியும், சுவரில் பதித்த கல் மேடையில் வைத்து ஓட்டினால் அதிர்வு கல்லிலிருந்து சுவருக்குள் ஏறி, அடுத்த அறையில் படுத்திருப்பவரின் தலைமாட்டில் வந்து உறுமும். நான்காக மடித்த சாக்கையோ தடித்த ரப்பர் விரிப்பையோ அடியில் போடுங்கள். அவர் வருவதற்கு முன்பே சட்னியை அரைத்துவிட்டால் இன்னும் உத்தமம். குக்கர் முதல் விசில் அடித்ததும் அடுப்பைத் தணியுங்கள். எவர்சில்வர் பாத்திரம் கவிழ்க்கும் பலகையில் ஒரு துணி விரியுங்கள்.

நிற்க. நம்மையும் சற்றுப் பார்த்துக்கொள்வோம். நவநாட்களில் நம் கோவிலில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி யார் வீட்டு ஜன்னலை நோக்கியிருக்கிறது? சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபைக்கும் அதன் அயலாருக்கும் நடந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30-ல் தீர்ப்புக் கூறியது. கோவிலுக்கு உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்டால் போதாதா?

அக்கம்பக்கத்தாரிடமும் நயமாகச் சொல்லி வையுங்கள். “எங்கள் வீட்டுக்காரர் ஒரு மணிவரை தூங்குவார்” என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மணி அடிக்காமல் பின்வாசலில் கூப்பிடும்படி கதவில் ஓர் அட்டை தொங்கட்டும். மீன்கார அம்மாளும் சிலிண்டர் கொண்டுவருகிறவரும் இரண்டு நாளில் பழகிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குத்தான் ஒரு வாரம் பிடிக்கும்.