படிக்கும் பிள்ளையின் கழுத்து வலி

நம் வியாபார அன்பர்கள் பலருடைய பிள்ளைகள் பள்ளி விட்டதும் கடைக்கே வந்துவிடுகிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் கிடைத்த முக்காலியில் அமர்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துப் படிக்கிறார்கள். சற்று நேரத்தில் கழுத்து வலிக்கிறது என்கிறார்கள். படிப்பைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் சாக்கு என்று நாம் அதட்டிவிடுகிறோம். எல்லா வேளையிலும் அது சாக்கன்று.

10 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துத் தூக்கினால் பாரம் அதிகம் தெரிவதில்லை. அதையே கையை நீட்டிப் பிடித்தால் உடனே தோள் கடுக்கிறது. தலையின் விஷயமும் இதுவே. பெரியவர் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கையில் முதுகெலும்பு அதை எளிதில் தாங்குகிறது. குனியக் குனியக் கழுத்தின்மேல் பாரம் ஏறுகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 30 பாகை குனிந்தால் அந்தச் சுமை சுமார் 18 கிலோ. 60 பாகை குனிந்தால் சுமார் 27 கிலோ!

ஆகவே, தலையைப் புத்தகத்துக்குத் தாழ்த்தாமல், புத்தகத்தைக் கண்ணுக்கு உயர்த்துவதே முதல் விதி. சாய்வாக நிறுத்திய ஒரு பலகை போதும். மடிக்கணினியானால் அதைப் பெட்டியின்மேல் உயர்த்தி, தட்டச்சுப் பலகையைத் தனியே இணைத்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியில் நெடுநேரம் பாடம் படிப்பதைத் தவிர்ப்பது நலம்.

இரண்டாவது, பாதங்கள் தரையில் பதிய வேண்டும். கால் எட்டாத சிறுவருக்கு உறுதியான சரக்குப் பெட்டி ஒன்றைக் கீழே வையுங்கள். இடுப்புக்குப் பின்னே மடித்த துண்டு ஒன்றை அணையாகக் கொடுங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும்.

மூன்றாவதே மிக முக்கியம். எவ்வளவு நேராக அமர்ந்தாலும் அசையாதிருந்தால் தசை இறுகி வலிக்கும். அரைமணிக்கு ஒருமுறை பிள்ளையை எழுப்பி இரண்டு நிமிடம் நடக்கவிடுங்கள். கடையில் ஒரு சாமானை எடுத்துவரச் சொன்னாலும் போதும். 5 முதல் 17 வயதுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியும் கூறுகிறது. தேர்வுக் காலத்திலும் விளையாட்டை நிறுத்தாதீர்கள்.

கை மரத்துப்போதல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, வாரக்கணக்கில் ஆறாத வலி ஆகியவை கண்டால் தைலம் தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விலையுயர்ந்த நாற்காலி அவசியமில்லை. இன்று கடையடைக்குமுன், பிள்ளை அமரும் இடத்தில் நீங்களே ஒரு பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள்.