பத்து மடங்கு வருமானம், ஆனாலும் சரிந்த பங்கு

மாணவர்களே, நாளிதழில் பங்குச் சந்தைப் பக்கம் வந்தால் உடனே புரட்டிவிடுவீர்கள்தானே? இந்த வாரம் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நிற்போம். 2020 ஜூலையில் நடந்த ஒரு நிகழ்வைப் புரிந்துகொள்ள வணிகப் பாடத்தைவிட நீங்கள் படிக்கும் நிகழ்தகவுதான் அதிகம் உதவும்.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கை வெளியிட வேண்டும். கணக்கு வந்த கையோடு தலைமை நிர்வாகி தொலைபேசிக் கூட்டத்தில் பேசுவார். ஆய்வாளர்கள் கேள்வி கேட்பார்கள். முதலீட்டாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். கணினிச் செயலிகளைத் தயாரிப்பதில் இன்டெலும் ஏஎம்டியும் நெடுங்காலப் போட்டியாளர்கள். அந்த முறை இன்டெலின் கூட்டம் ஜூலை 23இல், ஏஎம்டியின் கூட்டம் ஜூலை 28இல்.

இன்டெலின் மூன்று மாத வருமானம் 19.7 பில்லியன் டாலர். முந்தைய ஆண்டின் இதே காலத்தைவிட 20 விழுக்காடு அதிகம். பரிசு கொடுக்க வேண்டிய தேர்ச்சிதான். ஆனால் மறுநாள் அதன் பங்கு விலை சுமார் 16 விழுக்காடு விழுந்தது. இன்னும் கணக்கே காட்டாத ஏஎம்டியின் பங்கோ அதே நாளில் சுமார் 16 விழுக்காடு ஏறியது.

காரணம் கூட்டத்தில் வந்த ஒரு சொல்: ‘யீல்ட்’. 7 நானோமீட்டர் என்ற புதிய தயாரிப்பு முறையில் ஒரு கோளாறு இருப்பதாகவும், அதனால் யீல்ட் தன் சொந்த இலக்குக்குச் சுமார் 12 மாதம் பின்தங்கியிருப்பதாகவும் இன்டெல் சொன்னது. அந்த முறையில் தயாராகும் செயலிகள் ஏறத்தாழ ஆறு மாதம் தாமதமாகும். (7 நானோமீட்டர் என்பது தலைமுறையைக் குறிக்கும் பெயர்தான். சில்லுக்குள் அந்த அளவில் எதையாவது தேடினால் ஏமாந்துபோவீர்கள்.)

யீல்ட் என்பதை விளைச்சல் என்றே சொல்லலாம். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் தட்டு ஒன்றின்மீது நூற்றுக்கணக்கான படிகளில் மின்சுற்றுகளை உருவாக்குகிறார்கள். ஒரு தட்டு முடிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். பிறகு அதைத் துண்டுதுண்டாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சில்லு. கண்ணுக்கே தெரியாத தூசி ஒன்று தவறான இடத்தில் விழுந்தாலும் அந்தச் சில்லு வேலை செய்யாமல் போகலாம். 100இல் எத்தனை சில்லுகள் தேறுகின்றன என்பதே விளைச்சல். 20 தேறினாலும் 90 தேறினாலும் தட்டைச் செய்யும் செலவு ஒன்றுதான். இப்போது முதலீட்டாளர்களின் பயம் புரிகிறதா? 19.7 பில்லியன் பழைய முறையில் செய்த சில்லுகள் ஈட்டியது. அவர்கள் விலை கொடுத்து வாங்குவது வரப்போகும் ஆண்டுகளை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். தாளில் 20 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் வரைந்து, அதை 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள 100 கட்டங்களாகப் பிரியுங்கள். இது உங்கள் சிலிக்கன் தட்டு. கறுப்பு எள் 50 எண்ணி, சற்று உயரத்திலிருந்து எல்லாப் பக்கமும் பரவும்படி தூவுங்கள். கடுகு வேண்டாம், உருண்டு ஓடிவிடும். வெளியே விழுந்ததை எடுத்து மறுபடியும் போடுங்கள். எள் விழாத கட்டங்கள் எத்தனை?

50 எள் விழுந்ததால் 50 கட்டங்கள் பாழ் என்று பலர் அவசரப்படுவார்கள். ஆனால் சில கட்டங்களில் இரண்டு மூன்று எள் சேர்ந்தே விழும். ஓர் எள் குறிப்பிட்ட கட்டத்தைத் தவிர்க்கும் நிகழ்தகவு 0.99. ஐம்பதும் தவிர்க்க வேண்டுமானால் 0.99ஐ 50 முறை பெருக்க வேண்டும், 0.605 வரும். ஆக, சுமார் 60 கட்டங்கள் தப்பும்.

எள்ளை நகர்த்தாமல் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரியுங்கள். இப்போது 400 சிறு கட்டங்கள். 0.9975ஐ 50 முறை பெருக்கினால் 0.88, அதாவது சுமார் 353 கட்டங்கள் தப்பும். நல்ல சிறு சில்லுகள் நான்கை ஒன்றாக இணைத்து ஒரு பெரிய சில்லின் வேலையை வாங்கினால் 88 செயலிகள் கிடைக்கும். அதே தட்டு, அதே தூசி; ஆனால் 60 எங்கே, 88 எங்கே!

ஏஎம்டி 2019இல் விற்பனைக்குக் கொண்டுவந்த செயலிகள் இப்படித்தான் அமைந்தவை. எட்டுக் கணிப்பு மையங்கள் கொண்ட சிறு சில்லின் பரப்பு சுமார் 74 சதுர மில்லிமீட்டர் மட்டுமே. பெரிய செயலி வேண்டுமா, இன்னும் சில சிறு சில்லுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் இலவசமாக வந்துவிடாது. சில்லுகள் ஒன்றோடொன்று பேசக் கூடுதல் நேரமும் மின்சாரமும் செலவாகும். எள் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது தற்செயலாக விழும் தூசிக்குப் பொருந்தும். இன்டெல் சொன்னதோ தயாரிப்பு முறையிலேயே இருந்த கோளாறு. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

ஏஎம்டிக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. 2009இல் அவற்றைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது; அதன் 7 நானோமீட்டர் சில்லுகளைத் தைவானின் டிஎஸ்எம்சி செய்து கொடுத்தது. எனவே ஏஎம்டியின் பங்கை வாங்கியவர்கள் உண்மையில் தைவான் தொழிற்சாலையின் விளைச்சலையும் சேர்த்தே நம்பினார்கள்.

ஜூலை 28 கூட்டத்தில் கேட்கக் காத்திருந்த கேள்வியும் அதுதான்: புதிய செயலிகள் சொன்ன நேரத்தில் வருமா? வரும் என்றார் தலைமை நிர்வாகி லிசா சூ. அந்த ஆண்டின் வருமானம் சுமார் 32 விழுக்காடு வளரும் என்று நிறுவனம் தன் பழைய கணிப்பை உயர்த்தியது. மறுநாள் பங்கு மேலும் 12 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. இத்தனைக்கும் ஏஎம்டியின் மூன்று மாத வருமானம் 1.93 பில்லியன் டாலர். இன்டெலுடையதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு!

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில்தான் தொடங்கியது. ஏஎம்டியும் பினாங்குக்கு அதே காலக்கட்டத்தில் வந்தது. அந்தத் தொழிற்சாலையின் 85 விழுக்காட்டுப் பங்கு 2016இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. வெட்டிய சில்லுகளைப் பொருத்தி, மூடி, சோதிக்கும் வேலை பாயான் லெப்பாசில் இன்றும் நடக்கிறது. சிறு சில்லுகளை ஒரே பலகையில் இணைக்கும் முறை வந்தபின், முன்பு எளிய கடைசிக் கட்டமாகக் கருதப்பட்ட இந்த வேலைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஒன்பது நல்ல சில்லுகளைப் பொருத்தும்போது ஒன்று கெட்டாலும் மற்ற எட்டும் வீணாகலாம் அல்லவா?

கடைசியாக ஒரு கணக்கு. எள் 50 அல்ல, 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பெரிய கட்டங்களில் எத்தனை தப்பும்? 400 சிறு கட்டங்களில் எத்தனை தப்பும்? முதலில் ஊகித்து எழுதுங்கள். பிறகு தூவி எண்ணுங்கள். கணிப்பானை அதற்குப் பிறகு தொடுங்கள்.